ஆறு இழுப்பு

என் சட்டைப் பைக்கு மேல் ஏழு என்று ஒட்டியிருந்தது. காலை எட்டு மணிக்கு வாசலில் காவலாளி ஒட்டிவிட்டிருந்தார். அதன் பிறகு அந்தக் கம்பெனிக்குள் யாருக்கும் என் பெயர் தேவைப்படவில்லை. மொத்தம் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். விமான இறக்கைக்கு உள்ளே இருக்கும் தாங்கிகளைச் செய்கிற கம்பெனி அது. இறக்கையின் ஒரு துண்டை மட்டும் அங்கே கோத்து அனுப்புவார்கள். முழு விமானத்தை அவர்கள் யாரும் தொட்டதில்லை. ஆனாலும் வரவேற்பறைச் சுவரில் மேகத்துக்கு நடுவே ஒரு முழு விமானம் பறந்துகொண்டிருந்தது. செருப்புக்கு வார் தைப்பவர் தன் கடையில் ஓட்டப்பந்தய வீரரின் படத்தை மாட்டியது மாதிரி.

எனக்கு இது ஒன்பதாவது நேர்காணல். பத்தாவது கிடையாது என்று அப்பாவும் நானும் போன மாதம் ஒப்பந்தம் செய்திருந்தோம். ஒப்பந்தம் என்றால் அவர் சொன்னார், நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மெக்கானிக்கல் படித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு தண்ணீர் பம்பு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆர்டர் குறைந்துவிட்டது, கூப்பிடுகிறோம் என்று அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஒன்பதும் தேறவில்லை என்றால் திங்கட்கிழமையிலிருந்து மாமாவின் டைல்ஸ் கடை. அம்மாவின் தம்பி. நல்ல மனிதர், சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். எனக்கென்று சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றைக்கூட வாங்கிப் போட்டுவிட்டார். ஒருநாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். வசதியாகத்தான் இருந்தது. பயந்து எழுந்துவிட்டேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் எட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலைக்கு அடித்த சாயம் காதோரத்திலும் கொஞ்சம் பட்டிருந்தது. கழுத்தில் அவர் மகளுடைய பள்ளிக்கூட டை. முடிச்சு ஏற்கெனவே தைத்து, பின்னால் எலாஸ்டிக் வைத்தது. எலாஸ்டிக் சின்னக் கழுத்துக்கு அளவெடுத்தது என்பதால் பேசும்போது அவருக்குக் குரல் அவ்வப்போது கீச்சென்றது. பதினெட்டு வருடம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருந்தாராம். அது மூடிவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புகிறாராம். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. அறிமுகமான நாலாவது நிமிடத்தில் அவராகவே சொல்லிவிட்டு, தன்னை அண்ணன் என்று கூப்பிடச் சொன்னார்.

காலையில் எழுத்துத் தேர்வு. ஐம்பது கேள்வி. உலோகம் எப்போது வளையும், எப்போது உடையும் என்பதைப் பற்றி நாற்பது. மற்றவை நாங்கள் எப்போது வளைவோம் என்பதைப் பற்றி. எழுதி முடித்ததும் செய்முறைத் தேர்வு என்றார்கள். கூடத்திலிருந்து பட்டறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன அறை. ஒருவர் ஒருவராக உள்ளே போக வேண்டும். போனவர்கள் வேறு கதவு வழியாக வெளியே வந்து, பின்பக்கக் கூடத்தில் உட்கார வேண்டும். முன்னால் போனவர் பின்னால் போகிறவரிடம் எதையும் சொல்லிவிடக் கூடாதாம்.

என் முறை வந்தபோது மணி பதினொன்று. அறையில் ஒரு வேலை மேஜை, அதில் ஒரு பிடிப்பான், சுவரோரம் ஸ்டூலில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு ஃபிட்டர். கேள்வி கேட்டால் பதில் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்கள். மேஜைமேல் பள்ளம் வெட்டிய ஒரு அலுமினியத் தகடு. பக்கத்தில் அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டிய ஓர் அலுமினியக் கட்டை, தீப்பெட்டியில் பாதி இருக்கும். அளக்க வெர்னியர். பிறகு வரிசையாகச் சுத்தியல், திருப்புளி, அரம், உப்புத்தாள். ஒரு காகிதத்தில் எழுதியிருந்தது: 'வரைபடத்தின்படி கட்டையைப் பள்ளத்தில் பொருத்துக. முடிந்ததும் பிரித்துப் பழையபடி வைத்து, முடிவைக் குறிப்புத் தாளில் எழுதுக. இருபது நிமிடம்.'

கட்டையைப் பள்ளத்தில் வைத்தேன். இறங்கவில்லை. அளந்தேன். வரைபடத்தில் சொன்னதைவிடக் கட்டை மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு பெரிசு. ஒரு முடி அளவு.

இந்த இடத்தில் எங்கள் பம்பு கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே எதுவும் எதிலும் பொருந்தி நான் பார்த்ததில்லை. வார்ப்பு ஒரு பட்டறையில் நடக்கும், கடைசல் இன்னொன்றில். இரண்டு பட்டறை முதலாளிகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் நாங்கள் அரத்தோடு நிற்போம். பொருந்தவில்லையா, ராவு. மறுபடி வை. இன்னும் இரண்டு இழுப்பு. பம்பு தண்ணீர் கொட்டினால் போதும், எந்த வழியாகக் கொட்டுகிறது என்பதை வாங்கியவர் பார்த்துக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதமே என் கை, மூளையிடம் அனுமதி கேட்காமல் அரத்தை எடுக்கப் பழகிவிட்டது.

அன்றைக்கும் எடுத்தது. சரியாக அந்த நேரம் பட்டறைப் பக்கமிருந்து யாரோ கூப்பிட, ஃபிட்டர் எழுந்து வெளியே போனார். கட்டையைப் பிடிப்பானில் மாட்டி ஆறு இழுப்பு. அவ்வளவுதான். உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு. பள்ளத்தில் வைத்து விரலால் அழுத்தினேன். மேஜை டிராயர் மூடுகிற மாதிரி ஓசையில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. ஐந்து மாதத்தில் என் கையால் உருப்படியாக நடந்த முதல் காரியம். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்து நான் செய்ததையும் கைதான் செய்தது. கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் கிடந்த அலுமினியத் தூளைத் துடைத்தேன். அரத்தையும் ஒரு தட்டுத் தட்டிச் சுத்தமாக்கி, இருந்த இடத்தில், இருந்த கோணத்தில் வைத்தேன். எங்கள் கம்பெனியில் ராவுவது குற்றமில்லை. சூப்பர்வைசர் வரும்போது தூள் கண்ணில் படுவதுதான் குற்றம். ஃபிட்டர் திரும்பி வந்தபோது கட்டையும் தகடும் பிரித்து வைத்தபடி கிடந்தன. நான் குறிப்புத் தாளில் 'பொருந்தியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அடுத்த கதவு வழியாக வெளியே வந்தேன்.

ஐந்து நிமிடத்தில் எட்டு வந்துவிட்டார். முகமெல்லாம் பல்.

"என்ன தம்பி இது, சின்னப் பசங்க விளையாட்டு. எடுத்து வச்சேன், போயிடுச்சு. எதாவது சூது இருக்குமோன்னு திருப்பித் திருப்பி அளந்தேன். ஒண்ணும் இல்ல."

எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. ராவிக் கொடுத்ததை வாங்கிப் போட்டுவிட்டு இவர் பெருமை அடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேனே தவிர, அவருக்கு ஏன் ராவாத கட்டை கிடைக்கவில்லை என்று யோசிக்கவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு எல்லோரும் அதே வேகத்தில் அதே பல்லோடு வந்து உட்கார்ந்தார்கள். எங்களுக்கு முன் போன ஆறு பேர் மட்டும் ஒரு மூலையில் வாடிப்போய் இருந்தார்கள். தங்களால் பொருத்த முடியவில்லை என்று நான்கு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொன்னார்கள். எட்டு அவர்களுக்கு ஆறுதல் சொன்னார். கொஞ்சம் அதிகமாகவே சொன்னார்.

மதியத்துக்கு மேல் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். வரிசைப்படி ஒன்றைக் கூப்பிடாமல் ஏழை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று எட்டு வியந்தார். எழுத்துத் தேர்வு மார்க்காக இருக்கும் என்றார் பதினொன்று.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் எச்.ஆர்.காரர். கொட்டாவியை மூக்கு வழியாக விடத் தெரிந்தவர். இன்னொருவர் தரக் கட்டுப்பாட்டுத் தலைவி. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் குவாலிட்டி மேடம் என்றார்கள். ஐம்பது வயதுக்கு மேல். கண்ணாடி ஒன்று மூக்கில், ஒன்று கழுத்தில். அவர் முன்னால் நான் ராவிய கட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

எழுத்துத் தேர்வில் நான்தான் முதல் என்று எச்.ஆர்.காரர் ஆரம்பித்தார். அந்தச் செய்தியை அனுபவிக்க எனக்கு நேரம் தரப்படவில்லை. மேடம் உறையைத் தட்டினார். செய்முறைத் தேர்வு என்னவென்று விளக்கினார். அந்தக் கட்டைகளை வேண்டுமென்றே முடி அளவு பெரிதாக வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். பொருந்தாது. பொருந்தக் கூடாது. வருகிறவர் அளந்து பார்த்து, 'அளவு தப்பு, பொருத்தவில்லை' என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். அதுதான் தேர்வு. விமான வேலையில் பொருந்தாததை யாரும் பொருந்த வைப்பதில்லை. கீழே வைத்துவிட்டு எழுதுகிறார்கள். அரம் மேஜைமேல் இருந்ததே அதை எடுக்கிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான்.

ஆக மூலையில் வாடிப்போய் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் தேறியவர்கள். ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதற்காக ஆளெடுக்கிற கம்பெனி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் கல்லூரியிலிருந்தே நேராக வந்திருப்பேன்.

முதல் ஆறு பேரில் இரண்டு பேர் ராவினார்கள், ஃபிட்டர் உடனே பார்த்துக் குறித்துவிட்டுக் கட்டையை மாற்றினார் என்றார் மேடம். கடைசியாக மாற்றியது ஆறுக்குப் பிறகு. அந்தப் புதுக் கட்டைதான் எனக்கு வந்தது. என்னிலிருந்து பன்னிரண்டு வரை ஆறு பேரும் பொருந்தியது என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது அளந்தால் அளவு சரியாக இருக்கிறது. ஆறு பேர் போட்டு எடுத்ததில் மேலெல்லாம் கீறல், பூதக்கண்ணாடி வைத்தும் எதுவும் சொல்ல முடியவில்லை.

"எட்டுல இருந்து எல்லாரையும் ஃபிட்டர் உக்காந்து பாத்திருக்கார். யாரும் அரத்தைத் தொடலை. நீங்க உள்ள இருக்கும்போது ரெண்டு மூணு நிமிஷம் வெளிய போனதா அவரே சொல்றார். அதனால ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, நீங்க ராவியிருக்கணும். இல்லன்னா, நேத்து சாயங்காலம் கட்டைகளை வெட்டும்போது அவர் ஒண்ணை மட்டும் சரியான அளவுல வெட்டியிருக்கணும். எது?"

எச்.ஆர்.காரர் தன் பங்குக்கு உதவினார். கட்டை தானாகவே போயிருந்தால் அது எங்கள் தவறில்லை, ஆறு பேருக்கும் இந்தச் சுற்றில் முழு மார்க் என்றார். எழுத்துத் தேர்வு மார்க்கைப் பார்த்தால் நீங்கள் திங்கட்கிழமையே வந்து சேரலாம் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை. அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"தானா போச்சு மேடம்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் விமானப் படம் ஏதாவது இருக்கிறதா என்று சுவரைப் பார்த்தேன். சரி, போகலாம் என்றார்.

கூடத்துக்கு வந்து முழு மார்க் என்ற செய்தியைச் சொன்னதும் எட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்று வீட்டில் உண்மையைச் சொல்லிவிடலாம், பழைய வேலை போய்விட்டது என்பதையும் புது வேலை கிடைத்துவிட்டது என்பதையும் ஒரே மூச்சில் சொன்னால் மனைவிக்குத் திட்ட இடைவெளி கிடைக்காது என்று கணக்குப் போட்டார். டையைத் தளர்த்திக்கொண்டார். முதல் முறையாக அவர் குரல் ஆண்குரலாக வந்தது.

எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆறு பேருக்கு நல்லது செய்த பொய் அது. ஃபிட்டர் ஒருவருக்குத்தான் கெடுதல், அவருக்கும் வேலை போகப் போவதில்லை. ஒரு குறிப்பு எழுதி வைப்பார்கள், அவ்வளவுதான். அவர் செய்ததாகச் சொல்லப்படும் தவறும்கூட, ஒரு கட்டையைச் சரியாக வெட்டியது. இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனேன்.

தண்ணீர் இருந்த இடத்துக்கு எதிரே கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் பட்டறை. நடுவே மரத்தாங்கல்கள்மேல் இறக்கைத் துண்டு கிடந்தது, வெளிர்ப் பச்சையில், படகைக் கவிழ்த்த மாதிரி. நான்கைந்து பேர் அதைச் சுற்றி நின்று திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றிய ஒவ்வொரு தாங்கியிலும் ஒரு பெண் சிவப்பு அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். என் பின்னால் டம்ளரோடு வந்து நின்ற எச்.ஆர்.காரரிடம் என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

அவர் சலிப்போடு சொன்னார். ஃபிட்டர் ஒரு கட்டையைத் தவறாக வெட்டியிருக்கிறார் என்று ஆகிவிட்டதல்லவா, அதனால் இந்த வாரம் அவர் அதே இயந்திரத்தில் வெட்டிய எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அளக்க வேண்டும். விதி அப்படி. நாற்பத்திரண்டு தாங்கி. எல்லாமே இறக்கைக்குள் ஏறிவிட்டன. மூன்று நாள் வேலை. நாளை மறுநாள் அனுப்ப வேண்டிய துண்டு அது.

"ஒரு கட்டைக்காகவா சார்?"

"கட்டைக்காக இல்ல. கைக்காக. அவர் கை ஒரு தடவை தப்பிடுச்சுன்னா இன்னும் எங்கெல்லாம் தப்பியிருக்கோ. யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். அந்த வளாகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். டம்ளரில் தண்ணீர் நிரம்பி என் ஷூமேல் கொட்டிக்கொண்டிருந்ததைக்கூட அவர்தான் சொன்னார்.

பட்டறையின் ஓரத்தில், வெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் ஃபிட்டர் நின்றிருந்தார். கட்டை ஒன்றை வெட்டினார். அளந்தார். தலையை ஆட்டிவிட்டுத் தட்டில் வைத்தார். இன்னொன்று. அதே ஆட்டல். நேற்று எப்படிச் செய்தாரோ அப்படியே திரும்பச் செய்து, எந்த இடத்தில் கை பிசகியது என்று தேடுகிறார் என்று புரிந்தது. தட்டில் பதினைந்து கட்டைக்குமேல் இருந்தன. எல்லாம் சொல்லி வைத்த மாதிரி முடி அளவு பெரிசாக வந்திருக்கும். பதினாறாவதை வெட்டினார்.

இங்கே எனக்குள் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அது விழித்திருந்தால் காலை பதினொரு மணிக்கே விழித்திருக்கும். எனக்கு வந்தது அலுப்புதான். செய்த தப்பைத் தேடுகிறவர் எப்போதாவது கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். செய்யாத தப்பைத் தேடுகிறவர் எத்தனை கட்டை வெட்டினாலும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதால் இன்னும் தேடுவார். திங்கட்கிழமை நான் வேலைக்கு வந்து சேரும்போதும் அவர் இதே இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருப்பார். எனக்கு வணக்கம் வேறு சொல்வார். அந்த வணக்கத்தைத் தினமும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தபோதே கால் வலித்தது.

கதவைத் தட்டினேன். உள்ளே எட்டு உட்கார்ந்து தன் பதினெட்டு வருடத்தில் பன்னிரண்டாவது வருடத்துக்கு வந்திருந்தார். கொஞ்சம் வெளியே இருங்கள் என்று மேடம் அவரிடம் சொன்னார். அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

"நான்தான் மேடம் ராவினேன். ஆறு இழுப்பு. தூளையும் தொடச்சிட்டேன்."

கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தேன். மடிப்புக்குள் வெள்ளி மாதிரி மினுங்கியது. மேடம் முதலில் தொலைபேசியை எடுத்தார். பட்டறைக்குப் பேசினார். கழற்றுவதை நிறுத்துங்கள், கழற்றியதை எழுதி வைத்து மாட்டுங்கள், இயந்திரத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள், அவர் உட்காரட்டும் என்றார். அதன் பிறகுதான் என் பக்கம் ஒரு படிவத்தைத் தள்ளினார். மாறுபாட்டு அறிக்கை. என்ன நடந்தது, எப்படி நடந்தது, யார் செய்தது. அங்கே வேலைக்குச் சேருவதற்கு முன்பே அந்தப் படிவத்தை நிரப்பிய முதல் ஆள் நான்தானாம். எச்.ஆர்.காரர் அதை ஒரு சாதனை மாதிரி சொன்னார்.

எழுதிக் கொடுத்தேன். மேடம் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார்.

"'தெரியாமல் ராவிவிட்டேன்'னு எழுதியிருக்கீங்க. பெரிசா இருக்குன்னு அளந்து தெரிஞ்சுக்கிட்டுதானே ராவுனீங்க?"

"ஆமா மேடம்."

"அப்ப 'தெரியாமல்'ங்கறதை அடிங்க. பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

அடித்தேன். போட்டேன். அவர் படிவத்தை வாங்கி முத்திரை குத்தினார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. காலையிலிருந்து பன்னிரண்டு பேரைப் பார்த்த களைப்பு மட்டும் இருந்தது, என்னுடையதைவிட மூத்த களைப்பு. போகலாமா என்று கேட்பதற்குப் பதிலாக, வேலை கிடையாதுதானே என்று கேட்டுவிட்டேன்.

"கிடையாது."

"ராவுனதுக்கா மேடம், பொய் சொன்னதுக்கா?"

கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"ராவுறவங்களை மாத்திடலாம். நானே ரெண்டு பேரை மாத்தியிருக்கேன். பொய்யையும் நீங்களே வந்து சொல்லிட்டீங்க. ஆனா யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே தூளைத் தொடச்சீங்க பாருங்க. அந்தக் கையை நான் இறக்கைக்குள்ள விட முடியாது."

எட்டு நேர்காணல்களில் எனக்குக் கிடைத்தது 'தகவல் சொல்கிறோம்' மட்டும்தான். காரணம் சொல்லி அனுப்பியது இவர்தான். நன்றி சொன்னேன். அது கிண்டல் என்று எச்.ஆர்.காரர் நினைத்துவிட்டார் போல, முகத்தைச் சுளித்தார்.

கூடத்தில் செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இன்றைய செய்முறைத் தேர்வு செல்லாது. ரகசியம் வெளியாகிவிட்டதால் வேறு ஒரு தேர்வு தயாரித்து அடுத்த செவ்வாய்க்கிழமை வைப்பார்களாம். என்னால் தேறி, கடைசியில் என்னாலேயே தேறாமல் போன ஐந்து பேரும் என்னை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்தார்கள். எட்டு மட்டும் எழுந்து வந்தார். டை மறுபடி இறுகியிருந்தது.

"நல்லா இருப்பா நீ. உன்னை யாரு உள்ள போயி அரிச்சந்திரன் வேஷம் கட்டச் சொன்னது? இன்னும் அஞ்சு நாள் நான் லைப்ரரியில உக்காரணும். அங்க இருக்கறவர் ஏற்கெனவே என்னை ஒரு மாதிரி பாக்கறாரு. செய்தித்தாளுல கல்யாண விளம்பரம் உட்பட எல்லாத்தையும் படிச்சு முடிச்சிட்டேன்."

மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றேன். அண்ணன் என்று கூப்பிட வேண்டாம் என்றார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து, செவ்வாய்க்கிழமை என்ன வைப்பார்கள் என்று உள்ளே ஏதாவது காதில் விழுந்ததா என்று கேட்டார். விழவில்லை என்றேன். நம்பவில்லை.

சட்டையிலிருந்த ஏழாம் எண்ணைக் காவலாளி பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டார். வெளியே பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. கம்பெனியின் மதில் ஓரமாக ஒட்டி நின்றேன். ஷிப்டு முடிந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஃபிட்டர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டிப் போய்விடுவார் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்திலேயே வந்து நின்றார். அவருக்கும் அதே பஸ் போலும்.

இரண்டு பேரும் சாலையைப் பார்த்தோம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஆறே இழுப்புலயா அவ்வளவும் எறங்குச்சு?"

"ஆமாண்ணே."

"ரெண்டு பக்கமும் மட்டமா வந்திருந்துச்சு. அதனாலதான் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, மெஷின்ல வெட்டுனதுன்னு." கோட்டை மறுதோளுக்கு மாற்றினார். "இருபது கட்டை வெட்டிட்டேன்டா. பாவி."

அதில் திட்டு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று என்னிடம் அளக்கக் கருவி இல்லை.  அவர் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார். என் பக்கம் கொஞ்சமும் சாய்த்துப் பிடிக்கவில்லை.

அப்பா அழைத்தார். அவர் நான்கு மணியிலிருந்து மூன்று முறை அழைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. எப்போது சொல்வார்களாம் என்று கேட்டார். எட்டு முறையும் அவருடைய முதல் கேள்வி அதுதான். அதற்கு நான் ஒரு வாரம், பத்து நாள் என்று ஏதாவது சொல்வேன். அந்தப் பத்து நாளும் அவர் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் குறைப்பார்.

"இன்னைக்கே சொல்லிட்டாங்கப்பா. இல்லைன்னு."

 ஏன் என்று கேட்பார், முழுக்கதையையும் சொல்ல வேண்டும், அவர் பாதியில் அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்வார் என்று தயாரானேன். அவர் கேட்கவில்லை.

"மாமா கடையை எட்டரைக்குத் திறந்துடுவாரு," என்றார். "முத நாளே லேட்டாப் போகாத."

"சரிப்பா."

பஸ் வந்தது. ஃபிட்டர் முன்பக்கமாக ஏறினார். நான் பின்பக்கமாக ஏறினேன். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.